புதிய மென்பொருள் திட்டத்துக்கு அடிப்படைக் கோப்புகளை உருவாக்குவது எப்படி: மலேசியாவில் வேலை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

படிப்பை முடித்துவிட்டு பங்சார் சவுத்திலோ சைபர்ஜெயாவிலோ ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கோ, வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்கோ, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துக்கோ ஒரு செயலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கணினியில் காலி ஃபோல்டர் ஒன்று திறந்து கிடக்கிறது. அதில் முதல் நாளே என்னென்ன கோப்புகள் வைக்க வேண்டும், அவற்றைக் கையால் தட்டாமல் எப்படி உருவாக்குவது, இந்த ஊருக்கென்று எவற்றை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் தொடங்கியபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர ஆளில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

முதல் தடவை செய்ய அரை நாள் ஒதுக்குங்கள். உங்களுக்கென்று ஒரு டெம்ப்ளேட் (மறுபடி மறுபடி பயன்படுத்தும் மாதிரித் திட்டம்) தயாரான பிறகு, அடுத்த திட்டத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

1. கணினியைத் தொடும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

கோப்புகளை உருவாக்கும் கருவி எதுவானாலும் உங்களிடம் சில கேள்விகள் கேட்கும்: திட்டத்தின் பெயர், உரிமையாளர் பெயர், உரிமம், மொழியின் பதிப்பு. இவற்றுக்குப் பதில் இல்லாமல் எண்டர் தட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு பெயரும் ஏதோ ஓர் உரிமமும் எல்லாக் கோப்புகளிலும் ஏறிவிடும். பின்னால் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது பெரிய வேலை.

வாடிக்கையாளரிடம் கேளுங்கள்: எந்த சர்வரில் ஓடப்போகிறது? அந்தக் கணக்கு யார் பெயரில்? யாருடைய தகவல்களைச் சேகரிக்கப் போகிறோம்? தமிழில் ரசீது வேண்டுமா? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதனால் வரும் தலைவலியை நான்காம் படியில் சொல்கிறேன்.

உரிமையாளர் பெயரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, நீங்கள் சம்பளத்துக்கு இருந்து வேலையின் பகுதியாக எழுதியதன் உரிமை முதலாளிக்குப் போகும். தனியாளாக வேலை எடுத்துச் செய்தாலும், செய்யச் சொன்னவருக்கே உரிமை மாறும். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் நிலைமை மாறும். ஆகவே பல திட்டங்களில் மறுபடி மறுபடி பயன்படுத்தப்போகும் உங்கள் சொந்த டெம்ப்ளேட்டைப் பற்றி விலைப்பட்டியலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘முன்பே என்னிடம் இருந்த அடிப்படைக் கோப்புகளின் உரிமை என்னிடமே இருக்கும், வாடிக்கையாளர் இந்தத் திட்டத்தில் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.’ எழுத்தில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு போதாது. பெரிய தொகை என்றால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

2. முதலில் அதிகாரபூர்வக் கருவி

யாரோ ஒருவர் கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம்) போட்டுவைத்திருக்கும் பிரம்மாண்டமான டெம்ப்ளேட்டை எடுக்காதீர்கள். லாகின், பணம் கட்டும் வசதி, மின்னஞ்சல், அட்மின் பக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்குப் பாதிகூடத் தேவைப்படாது. தேவைப்படாத பாதியில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் அதை உருவாக்கியவர்களே தரும் தொடக்கக் கருவி உண்டு. ஜாங்கோவுக்கு ‘ஸ்டார்ட் புராஜெக்ட்’ கட்டளை. லாராவெல்லுக்கு கம்போசரின் ‘கிரியேட் புராஜெக்ட்’. ரியாக்ட், வியூ போன்றவற்றுக்கு வைட். ஜாவாவில் ஸ்பிரிங் பூட் என்றால் ஸ்பிரிங் இனிஷியலைசர் இணையப்பக்கம். இவை எல்லாமே இலவசம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய யூடியூப் பாடங்கள் ரியாக்டுக்கு ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கருவியைச் சொல்லித்தரும். புதிய திட்டங்களுக்கு அது வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. பாடத்தைப் பார்க்கும் முன் அது வெளியான தேதியைப் பாருங்கள். கட்டளையை அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து எடுங்கள்.

ஏஐ உதவியாளரிடம் கேட்டும் இந்தக் கோப்புகளைப் பெறலாம், வேகமாகவே தரும். ஆனால் இல்லாத நூலகங்களின் (மற்றவர்கள் எழுதிவைத்த, நாம் இறக்கிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) பெயர்களையும் அது கூசாமல் எழுதிவிடும். அந்தப் பெயரில் யாராவது கெட்ட எண்ணத்துடன் ஒரு நூலகத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தால், நீங்கள் நிறுவும்போது அதுதான் உள்ளே வரும். ஒவ்வொரு பெயரையும் அதன் அதிகாரபூர்வப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே நிறுவுங்கள்.

3. முதல் கம்மிட்டுக்கு முன் முடிக்க வேண்டியவை

கருவி தன் வேலையை முடித்ததும் உடனே கம்மிட் செய்துவிடாதீர்கள். (கம்மிட் என்பது, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ கருவியில் கோப்புகளைப் பதிவுசெய்வது.) உருவான ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஆற அமரப் படியுங்கள். ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அமைப்புக் கோப்பில் ரகசியச் சாவி அப்படியே எழுதப்பட்டிருக்கும். ‘இன்செக்யூர்’ என்ற சொல்லும் அதன் முன்னொட்டிலேயே இருக்கும். பிழைகாட்டும் நிலை திறந்திருக்கும். நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றும் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்றும் இருக்கும். கிட்டுக்குள் போகக்கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பை ஜாங்கோ உருவாக்கித் தராது. அப்படியே கம்மிட் செய்தால் ரகசியச் சாவியோடு, சோதனைக்காக நீங்கள் தகவல்களைப் போட்டிருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் கிட்டுக்குள் போய்விடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கிட்இக்னோர், பிறகுதான் மற்றதெல்லாம். கிட்ஹப் நிறுவனம் ஒவ்வொரு மொழிக்கும் தயார்நிலையில் வைத்திருக்கும் கிட்இக்னோர் கோப்புகளிலிருந்து உங்களுக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின், ரகசியச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் வைக்கும் ‘என்வ்’ கோப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வைட் தரும் கிட்இக்னோரில் ‘லோக்கல்’ என்று முடியும் கோப்புகள்தான் விலக்கப்பட்டிருக்கும், வெறும் ‘என்வ்’ கோப்பு இருக்காது. லாராவெல் இதைச் சரியாகவே செய்து தருகிறது.

ரகசியங்கள் எல்லாம் ‘என்வ்’ கோப்பில். அதன் பக்கத்தில் ‘என்வ் எக்ஸாம்பிள்’ என்று ஒரு மாதிரிக் கோப்பு. அதில் பெயர்கள் மட்டும் இருக்கட்டும், மதிப்புகள் காலியாக இருக்கட்டும். புதிதாகச் சேர்பவர் அதைப் பிரதி எடுத்து நிரப்பிக்கொள்வார். வைட் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘வைட்’ என்ற முன்னொட்டு கொண்ட மாறிகள் எல்லாம் பிரவுசருக்குப் போகும் கோப்பில் சேர்ந்துவிடும். பணம் கட்டும் நிறுவனம் கொடுத்த ரகசியச் சாவியை அங்கே வைத்தால், பக்கத்தைத் திறக்கும் யாரும் படிக்கலாம்.

கடவுச்சொல் ஒன்று தெரியாத்தனமாக கம்மிட் ஆகிவிட்டால், அடுத்த கம்மிட்டில் அதை அழிப்பதால் பயனில்லை. பழைய கம்மிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வரலாற்றைத் துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மற்ற கோப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்பு இடைவெளி, எழுத்துக்குறியாக்கம் போன்றவற்றை எல்லோருக்கும் ஒரேமாதிரி வைக்கும். ‘கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பு விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும் குழுவில் வரிமுடிவுக் குழப்பத்தைத் தடுக்கும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று பதிந்துவைக்கும் பதிப்புப் பூட்டுக் கோப்பை விலக்கிவிடாதீர்கள், அது கம்மிட் ஆக வேண்டும். லைசன்ஸ் கோப்பில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் சரியாக இருக்க வேண்டும். தனியார் வேலைக்கு எம்ஐடி உரிமத்தைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அது சமம்.

ரீட்மீ கோப்பு மட்டும் உங்கள் கையால் எழுதப்படட்டும். எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, எப்படி சர்வரில் ஏற்றுவது, பிரச்சினை என்றால் யாரிடம் கேட்பது. இந்த நான்கும் போதும்.

4. இந்த ஊருக்கென்று மாற்ற வேண்டியவை

எந்தக் கருவியும் செய்து தராத படி இதுதான். உங்கள் டெம்ப்ளேட்டுக்கு மதிப்பு வருவதும் இங்கேதான்.

நேரம். நேர மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று வையுங்கள். தரவுத்தளத்தில் யூடிசி நேரமாகச் சேமிக்கலாம், நல்லதும்கூட. ஆனால் நாள்வாரியாகக் கூட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். நமக்கும் யூடிசிக்கும் 8 மணி நேர வித்தியாசம். தைப்பூசத்தன்று விடியற்காலை 5 மணிக்கு வரும் நன்கொடை யூடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 9 மணி. மாற்றாமல் கூட்டினால் காலை 8 மணிக்கு முன் வந்த பணம் முழுவதும் முதல் நாள் கணக்கில் ஏறும். கோயில் பொருளாளர் உண்டியல் கணக்கோடு ஒப்பிடும்போது எதுவும் ஒத்துவராது.

பிறந்த தேதியை வெறும் தேதியாகச் சேமியுங்கள், நேரத்தோடு சேர்க்காதீர்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களின் தேதியை நள்ளிரவு நேரமாகச் சேமித்து, எல்லாவற்றுக்கும் 8 மணி நேரம் என்று கணக்கிட்டால் அரை மணி நேரப் பிசகு வரும். நள்ளிரவை ஒட்டிய அந்தப் பிசகு சில நேரம் தேதியையே ஒருநாள் நகர்த்திவிடும்.

பெயர். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கும்; இரண்டும் கட்டாயம் என்றும் இருக்கும். நம் அடையாள அட்டையில் அப்படியா இருக்கிறது? சொந்தப் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். சாய்கோடு கூடாது என்று தடுக்கும் விதி இருந்தால் நம்மவர்களின் படிவம் சமர்ப்பிக்கவே முடியாது. ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வையுங்கள், சாய்கோட்டையும் அட் குறியையும் அனுமதியுங்கள். ‘எப்படி அழைக்கலாம்’ என்று இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கட்டும், கட்டாயமில்லாமல். அப்பா பெயரைச் சொல்லிப் பிள்ளைக்கு ‘அன்புள்ள’ என்று மின்னஞ்சல் போகாமல் இருக்க அது உதவும்.

அடையாள அட்டை எண். மைகார்டு எண்ணுக்கு 12 இலக்கங்கள்: பிறந்த தேதி ஆறு, பிறந்த இடக் குறியீடு இரண்டு, மீதி நான்கு. பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. இதை எண்ணாகச் சேமிக்காதீர்கள், எழுத்தாகச் சேமியுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாகச் சேமித்தால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். அதைவிட நல்லது, தேவையில்லாத இடத்தில் அந்தக் கட்டத்தையே வைக்காமல் இருப்பது. புடவைக் கடைக்கு வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் எதற்கு?

தொலைபேசி. இதையும் எழுத்தாகவே சேமியுங்கள். 012 போன்ற எண்களுக்கு மொத்தம் 10 இலக்கங்கள். 011 எண்களுக்கு 11. பத்து என்று அடித்து நிறுத்திவிட்டால் 011 வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய முடியாது.

பணம். சென் கணக்கில் முழு எண்ணாகச் சேமியுங்கள். ரொக்கமாக வாங்கும்போது மட்டும் கடைசி 5 சென்னுக்குச் சரிசெய்ய வேண்டும்: 12.32 ரிங்கிட் 12.30 ஆகும், 12.33 ரிங்கிட் 12.35 ஆகும். டூயிட்நவ், கார்டு மூலம் கட்டினால் சரிசெய்தல் கிடையாது. ஆகவே பணம் கட்டிய முறையும் ரசீதில் பதிவாக வேண்டும்.

தமிழ். தரவுத்தளத்தை யூடிஎஃப்-8 என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய ‘யூடிஎஃப்8’ தமிழை ஏற்கும், ஆனால் வாழ்த்துச் செய்தியில் யாராவது எமோஜி போட்டால் பிழை வரும். எழுத்து எண்ணிக்கைக் கட்டுப்பாட்டிலும் கவனம் வேண்டும். நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் ‘நி’ கணினிக்கு இரண்டு குறியீடுகள். முப்பது எழுத்து என்று ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து அளந்த கட்டத்தில் தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்துவிடும். குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால், தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான், ஆங்கிலத்தில் 160. அதற்கு ஏற்றபடி செலவும் ஏறும்.

ரசீதை பிடிஎஃப் ஆக்கும் நூலகத்தைத்தான் எல்லாவற்றுக்கும் முன் சோதிக்க வேண்டும். எழுத்துருவைச் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. உயிர்மெய் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் திறன் நூலகத்துக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வில் ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். பிரவுசரின் அச்சு இயந்திரத்தையே பயன்படுத்தி பிடிஎஃப் எடுக்கும் முறைதான் நான் பார்த்தவரை நம்பகமானது. உங்கள் டெம்ப்ளேட்டில் ஒரு சோதனைக் கோப்பு வையுங்கள்: ‘நன்கொடை, கௌரி, ஸ்ரீ, மொத்தம்’. நான்கும் சரியாக அச்சானால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே வரும்.

5. தனிநபர் தகவல்: இரண்டு மொழியில் அறிவிப்பு

வியாபாரத் தொடர்பில் ஆட்களின் தகவல்களைச் சேகரித்தால் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 709-வது சட்டம், பொருந்தும். எதற்காகச் சேகரிக்கிறோம், யாருடன் பகிர்வோம், திருத்த எப்படிக் கேட்கலாம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழை மூன்றாவதாகச் சேருங்கள், பெரியவர்களுக்கு உதவும். டெம்ப்ளேட்டில் மூன்று மொழிக்கும் வெற்றுக் கோப்புகள் முதல் நாளே இருந்தால், கடைசி நேரத்தில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ஆங்கில அறிவிப்பு ஏறாது.

2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிவு நடந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை வந்திருக்கிறது. எந்தத் தகவல் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று ஒரு பக்கக் கோப்பு வைத்துக்கொண்டால்தான் அந்த நேரத்துக்குள் பதில் சொல்ல முடியும்.

6. எல்லாவற்றையும் ஒரு டெம்ப்ளேட்டாக மாற்றுவது

மேலே சொன்னதை ஒருமுறை ஒரு திட்டத்தில் செய்து முடித்துவிட்டால், அடுத்த தடவை மறுபடி செய்யத் தேவையில்லை. மூன்று வழிகள் உண்டு.

எளியது கிட்ஹப் டெம்ப்ளேட். ரெப்போவின் (திட்டத்தின் கோப்புகளும் கம்மிட் வரலாறும் இருக்கும் இடம்) அமைப்புப் பக்கத்தில் ‘டெம்ப்ளேட் ரெப்பாசிட்டரி’ என்ற பெட்டியை டிக் செய்தால் போதும். அதிலிருந்து தொடங்கும் புதிய ரெப்போவுக்குப் பழைய கம்மிட் வரலாறு வராது. ஆனால் பெயர்கள் மாறாது. திட்டத்தின் பெயரை எல்லா இடத்திலும் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது குக்கிகட்டர். பைத்தானில் எழுதப்பட்டது, ஆனால் எந்த மொழித் திட்டத்துக்கும் பயன்படும். ஒரு ஜேசன் கோப்பில் கேள்விகளை எழுதிவைத்தால், அது கேட்டுப் பதில்களை எல்லாக் கோப்புகளிலும் நிரப்பும். நிரப்ப வேண்டிய இடத்தை இரட்டை நெளிவடைப்பால் குறிக்க வேண்டும். பொறி இங்கேதான்: வியூ, ஜாங்கோ பக்கங்களிலும் அதே இரட்டை நெளிவடைப்புதான். குக்கிகட்டர் அவற்றையும் தனக்கென்று நினைத்து நிரப்பப் பார்க்கும். அந்தக் கோப்புகளை ‘காப்பி வித்தவுட் ரெண்டர்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது காப்பியர். குக்கிகட்டர் போலவே கேள்வி கேட்கும், ஆனால் பதில்களைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்துவைக்கும். டெம்ப்ளேட்டை நீங்கள் பின்னால் திருத்தினால், பழைய திட்டங்களிலும் அந்தத் திருத்தத்தை இழுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை வருடக்கணக்கில் பராமரிக்கப் போகிறவர்களுக்கு இதையே நான் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகளுக்குள் போய் வேலை செய்பவர்கள், உள்ளே இணையம் இருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டெம்ப்ளேட்டைக் கணினியிலேயே ஃபோல்டராக வைத்து உருவாக்கலாம், ஆனால் சார்பு நூலகங்களை வெளியிலிருந்தே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். யூஎஸ்பி அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

7. செலவு

கருவிகளுக்குக் காசு கிடையாது. கிட்ஹப்பில் தனியார் ரெப்போக்களும் இலவசக் கணக்கிலேயே கிடைக்கும். தானியங்கிச் சோதனைக்கு, தனியார் ரெப்போ என்றால் இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடங்கள்; சின்னத் திட்டத்துக்கு அது தாராளம். உங்கள் பெயரில் தொழில் செய்ய எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தால் சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயருக்கு 60 ரிங்கிட். லைசன்ஸ் கோப்பில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. வாடிக்கையாளருக்கு ‘டாட் காம் டாட் எம்ஒய்’ முகவரி வேண்டுமென்றால் அவருடைய வணிகப் பதிவு ஆவணம் தேவைப்படும். அதைத் தேடி எடுத்துத் தரச் சொல்லி முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். சான்றிதழ் எங்கே என்று அவர்கள் அலமாரியைத் துழாவும் நேரம், நீங்கள் கோடு எழுதும் நேரத்தைவிட நீளமாக இருக்கும்.

8. வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்

டெம்ப்ளேட்டிலிருந்து வெற்றுத் திட்டம் ஒன்றை உருவாக்குங்கள். நண்பரின் கணினியில் ரீட்மீ கோப்பை மட்டும் அவரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அதன்பின் கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனை வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில், லினக்ஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். உங்கள் கணினியில் நன்றாக ஓடிய பக்கம் சர்வரில் ‘கோப்பு இல்லை’ என்று விழுவதற்கு இது அடிக்கடி காரணம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நூலகங்களின் பதிப்புகள் அதற்குள் நகர்ந்திருக்கும். திருத்தத்தை முதலில் டெம்ப்ளேட்டில் செய்து, ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு வாடிக்கையாளர் திட்டங்களுக்கு ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.